மீன் பிழைக்கிறது, நத்தை ஏன் சாகிறது? உப்புநீர்த் தொட்டி கேள்வி பதில்

டீச்சருக்கு வணக்கம். வீட்டில் மூன்றடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கிற உப்புநீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். க்ளவுன் மீன் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கண்ணாடியில் பாசி படிந்ததால் பத்து டர்போ நத்தை வாங்கி விட்டேன். மறுநாளே மூன்று போய்விட்டது. மீதியும் இரண்டு மாதத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் தண்ணீர் சரியாகத்தானே இருக்கிறது?
*வாசகர், தக்கலை*

மறுநாள் செத்தவையும் இரண்டு மாதம் கழித்துச் செத்தவையும் ஒரே காரணத்தால் சாகவில்லை, தம்பி. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் மூன்றையும் கொன்றது பெரும்பாலும் உப்பின் வித்தியாசம்தான். மீன் தன் செவுளாலும் சிறுநீரகத்தாலும் உடம்பின் உப்பைச் சரிக்கட்டிக்கொள்ளும். கடல் நத்தைக்கு அந்த வசதி இல்லை. வெளியே உள்ள நீரின் உப்பு எவ்வளவோ, அதன் உடம்பு நீரிலும் அவ்வளவுதான். ஒட்டுண்ணிகளைக் குறைக்கவும் உப்புச் செலவை மிச்சம் பிடிக்கவும் பல கடைகளில் மீன் தொட்டி நீரின் அடர்த்தியை (உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) 1.020 அளவிலேயே வைத்திருப்பார்கள். ரீஃப் டேங்க்கில் நாம் வைப்பது 1.025 அல்லது 1.026. கவரை மிதக்க விட்டு, கால் மணி நேரத்தில் நத்தையை உள்ளே போட்டால், அதன் உடம்பிலுள்ள நீர் ஒரேயடியாக வெளியே இழுக்கப்படும். மீன் தாங்கிவிடும். அதனால்தான் மீனைப் பார்த்து நத்தைக்கும் தண்ணீர் சரி என்று முடிவு செய்யக்கூடாது என்கிறேன்.

இனி வாங்கும்போது கடைத் தண்ணீரின் அடர்த்தியையும் உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நத்தையை அதே தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் வைத்து, ஏர் பம்ப் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். வித்தியாசம் கொஞ்சம் என்றால் ஒன்றரை மணி நேரம், அதிகம் என்றால் இன்னும் கூடுதலாக. அதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

நம் வீட்டிலேயே உப்பு ஏறி இறங்குவதும் உண்டு. ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்று காலத்திலும், தொட்டி மேல் ஃபேன் ஓடும் வெயில் காலத்திலும் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கெட் நல்ல தண்ணீரைக் கொட்டுவது நத்தைக்குப் பெரிய தண்டனை.

அப்புறம் செம்பு. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கொடுக்கிற மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. மீனைக் குணமாக்குகிற அந்த அளவே நத்தையைக் கொன்றுவிடும். பாறையிலும் மணலிலும் அது ஏறிக்கொண்டால் பிறகும் மெல்லக் கசியும். எப்போதாவது அந்த மருந்து ஊற்றியிருந்தால் செம்பு டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். நம் மாவட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. ரப்பர் மரத்துக்கு அடிக்கத் துருசு (அதுவும் செம்பு உப்புதான்) கலக்கிய வாளி, வீட்டில் எங்காவது கிடக்கும். எத்தனை முறை கழுவினாலும் சரி, அந்த வாளியில் தொட்டிக்கு உப்புக் கலக்காதீர்கள். தொட்டிக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கட்டும்.

இனி, மெல்ல மெல்லச் செத்தவை. அவை பட்டினியால் செத்திருக்கும் என்பதே என் எண்ணம். கண்ணாடி பளபளவென்று ஆன பிறகுதானே சாக ஆரம்பித்தன? பத்து டர்போ நத்தைகள் மூன்றடித் தொட்டியின் பாசியைச் சில வாரங்களில் காலி செய்துவிடும். அதற்கு அப்புறம் அவற்றுக்குச் சாப்பாடு யார் கொடுத்தார்கள்? கடைகளில் இவற்றைச் சுத்தம் செய்கிற சாமான் போலக் கணக்குப் போட்டு, இத்தனை லிட்டருக்கு இத்தனை என்று விற்கிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. நத்தை ஒரு உயிர், தினமும் தின்ன வேண்டிய உயிர். உங்கள் தொட்டிக்கு முதலில் மூன்று போதும். பாசி மிஞ்சினால் பிறகு ஒன்று இரண்டு சேர்க்கலாம். கண்ணாடி சுத்தமாகிவிட்டால், மசாலா எதுவும் சேர்க்காத நோரி பாசித் தாளில் ஒரு துண்டை ரப்பர் பேண்டால் சிறு கல்லில் கட்டி, விளக்கு அணைத்த பிறகு உள்ளே வையுங்கள். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

ஓட்டின் நுனி வெளுத்துக் குழி விழுந்திருந்ததா என்று எழுதவில்லை. அப்படி இருந்தால் கால்சியத்தையும் கேஹெச் (நீரின் கார்பனேட் காரத்தன்மை) அளவையும் பாருங்கள். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், கேஹெச் 8 முதல் 10 இருந்தால் நல்லது.

மணக்குடியில் கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. உப்பு விலை கொடுத்து வாங்காமல் கடல் தண்ணீரையும் கடற்கரை மணலையும் பயன்படுத்தலாமா?
*வாசகி, மணக்குடி*

பழையாறு கடலில் சேருகிற இடம் உங்கள் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் பொழிமுகத்தில் எடுத்த தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கும் என்று கணக்கே சொல்ல முடியாது. மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். மற்ற நாளில் எடுப்பதானால் பொழிமுகத்தை விட்டு நன்றாகத் தள்ளி, கரையை விட்டு வெளியே போகிற வள்ளக்காரர் யாரிடமாவது கேனைக் கொடுத்து எடுத்து வரச் சொல்லுங்கள். அளந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள். சின்னமுட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற துறைமுகங்களுக்குள் எடுக்கவே கூடாது. டீசல் மட்டும் அல்ல, படகின் அடியில் சிப்பி பிடிக்காமல் இருக்கப் பூசுகிற பெயின்ட் வகைகளில் செம்பு சேர்ந்தவை உண்டு.

மணல் வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் ஏன் கறுத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்: இல்மனைட். அதோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது. தொட்டிக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்துள்ள அரகோனைட் மணல். கடையில் கிடைக்கும்.

முட்டம் பாறையில் நிறைய நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாலு எடுத்துத் தொட்டியில் விட்டால் என்ன?
*வாசகர், முட்டம்*

விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாறையின் மேல்பகுதியில் அலைச் சாரல் படுகிற இடத்தில் இருப்பவை, எப்போதும் நீருக்குள் கிடக்கிற பழக்கம் இல்லாதவை. ராத்திரி கண்ணாடி ஏறி வெளியே போய், தரையில் காய்ந்து சாகும். கீழே சிப்பிகளுக்கு நடுவே இருப்பவற்றில் சில, ஓட்டைத் துளைத்து உள்ளே இருக்கும் சதையைத் தின்கிறவை. சிப்பி எடுக்க முங்குகிறவர்களைக் கேளுங்கள், துளை விழுந்த ஓடுகளைக் காட்டுவார்கள். அவை தொட்டிக்குள் வந்தால் மற்ற நத்தைகளையும் விடாது.

கூம்பு வடிவத்தில் அழகான கோலம் போட்ட ஓடு கண்ணில் பட்டால் கையாலும் தொடாதீர்கள். கூம்பு நத்தை விஷ முள்ளால் குத்தும். அதில் சில இனங்கள் மனிதர்களையே கொன்றிருக்கின்றன.

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சில சங்கு, நத்தை இனங்கள் உண்டு. கல் பவளம் எல்லாமே உண்டு. ஆகவே நத்தையோடு பவளப் பாரில் இருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வருவதும் குற்றம்.

இரண்டு நாளாக நத்தை அசையவில்லை. செத்துவிட்டதா? தொட்டியில் துறவி நண்டும் இருக்கிறது.
*கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்*

வெளியே எடுத்து வாய்ப் பக்கத்து மூடியை விரலால் லேசாகத் தொட்டுப் பார், மக்களே. இறுக்கிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடி தளர்ந்து தொங்கி, மோந்தால் குடலைப் பிடுங்குகிற நாற்றம் வந்தால் உடனே அப்புறப்படுத்து. அழுகவிட்டால் அம்மோனியா ஏறி மற்ற உயிர்களுக்கும் ஆபத்து.

மணலில் மல்லாக்க விழுந்து கிடந்ததா? அஸ்ட்ரியா வகை தானாகத் திரும்பாது, நீதான் நிமிர்த்தி விட வேண்டும். படுக்கப் போகும்முன் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. ட்ரோக்கஸ் வகை தானே திரும்பிக்கொள்ளும், அடுத்து வாங்கினால் அதையே கேட்டு வாங்கு. நசாரியஸ் வகை மணலுக்குள் புதைந்து நாள் கணக்கில் கிடக்கும், அதைத் தோண்டாதே. ஒரு சின்ன இறால் துண்டைப் போட்டால் வாசனைக்கு மேலே வரும். அது பாசி தின்னாது, இந்த மாதிரி தீனிதான் அதற்கு வேண்டும்.

துறவி நண்டு நத்தை ஓட்டுக்குள் குடியிருப்பது, அந்த ஓட்டுக்காக நத்தையைக் கொல்வது உண்டு. நண்டின் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக நாலைந்து வெற்று ஓடுகளை உள்ளே போட்டு வை. அதற்குப் பிறகும் நத்தை காணாமல் போனால் நண்டை வேறு தொட்டிக்கு மாற்று.

கண்ணாடியில் எள் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கின்றன. நோயா?
*வாசகர், நாகர்கோவில்*

நெரைட் நத்தை வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அவை அதன் முட்டைப் பைகள், நோய் இல்லை. உள்ளிருந்து வரும் குஞ்சுகள் நீரில் மிதந்து நுண்ணுயிர்களைத் தின்று வளர வேண்டியவை. வீட்டுத் தொட்டியில் அவை தேறுவது அரிது. கண்ணுக்கு உறுத்தினால் பிளேடால் சுரண்டிவிடுங்கள், அக்ரிலிக் தொட்டி என்றால் பிளாஸ்டிக் அட்டையால்.