கொழு முறிந்ததற்கு வெல்டிங் மட்டுமே காரணம் அன்று

கேள்வி: என்னிடம் 18 குதிரைத்திறன் கொண்ட, ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள தோட்டச் சிறு டிராக்டர் உள்ளது. பழைய லாரியின் வில்பட்டைகளை (ஸ்பிரிங் பட்டைகளை) வெட்டிச் சதுரக் குழாயில் வெல்டிங் செய்து, மண்ணைக் கிளறும் ஐந்து கொழுக்கள் கொண்ட கலப்பை ஒன்றை நானே செய்தேன். சில ஆண்டுகளாக உழாமல் கிடந்த நிலத்தில் அதை 15 செ.மீ. ஆழத்திற்கு இறக்கியபோது சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. கலப்பை மீது கல்மூட்டை ஏற்றி வேகமாகச் செலுத்தியதில் இரண்டு கொழுக்கள் வெல்டிங்கை ஒட்டி முறிந்தன. எந்த வெல்டிங் ராடு பயன்படுத்த வேண்டும்? விற்பனையாளர் 24 குதிரைத்திறன் வண்டிக்கு மாறச் சொல்கிறார். விதைக்கும் காலம் நெருங்குவதால் கவலையாக இருக்கிறது.

பதில்: எந்த ராடும் வேண்டாம். வில்பட்டை எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.6 சதவீதம் இருப்பதால், வெல்டிங் சூட்டில் பழுத்து விரைவாக ஆறும் பகுதி கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையை அடைகிறது. அதனால்தான் தங்கள் கொழுக்கள் வெல்டிங்கில் விட்டுப்போகாமல் அதன் ஓரத்தில் முறிந்தன. இரு தகடுகளுக்கிடையே வைத்தோ, யூ-போல்ட் கொண்டோ கொழுவைச் சட்டத்துடன் இறுக்குங்கள். பட்டை வளையும் இடத்தில் துளையிடாதீர்கள். சட்டமும் இணைப்புத் தகடுகளும் சாதாரண இரும்பாக இருந்தால் அவற்றை வழக்கம்போல் வெல்டிங் செய்யலாம்.

ஆனால் தாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, இந்த வண்டியால் எத்தனை கொழுக்களை இழுக்க முடியும் என்பதே. நடுத்தர மண்ணில், உழாத நிலத்தில் குறுகிய முனையுடைய ஒரு கொழுவை 10 செ.மீ. ஆழத்தில் இழுக்கத் தோராயமாக 100 கிலோ இழுவிசை வேண்டும். ஆழம் கூடக் கூட இதுவும் அதே விகிதத்தில் கூடும். 15 செ.மீ. ஆழத்தில் ஐந்து கொழுக்களுக்கு 750 கிலோ என்று ஆகிறது. தாங்கள் ஏறி அமர்ந்த பிறகு பின்சக்கரங்கள் மீது நிற்கும் எடை 250 கிலோ அளவில் இருக்கும்; மண் தரையில் அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 125 கிலோ அளவுதான் இழுவிசையாகக் கிடைக்கும். வெல்டிங் எவ்வளவு உறுதியாக இருந்திருந்தாலும் அந்தக் கலப்பை நகர்ந்திருக்காது.

குதிரைத்திறனைக் காட்டி வண்டி விற்பவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை. 125 கிலோ இழுவிசையுடன் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் செல்ல இரண்டு குதிரைத்திறன் கூடத் தேவைப்படாது. தங்கள் எஞ்சினில் அதற்கு மேல் இருக்கும் திறன் சக்கரத்தைச் சுழற்றுமேயன்றி மண்ணைக் கிளறாது. கிட்டத்தட்ட இதே எடையில் 24 குதிரைத்திறன் வண்டி வாங்கினால் சக்கரங்கள் இன்னும் வேகமாகச் சுழலும், அவ்வளவுதான். சக்கரத்தில் சங்கிலி கட்டி, பின்புறம் கண்டபடி எடை ஏற்றச் சொல்வோரும் உண்டு. ஓரளவு எடை உதவும். அளவு மீறினால், இதுவரை சக்கரம் வழுக்கித் தப்பவிட்ட சுமை முழுவதையும் கியர் பெட்டி தாங்க நேரிடும், சிறு வண்டிகளின் கியர் பெட்டி அதற்காகச் செய்யப்பட்டதன்று.

ஆகவே கலப்பையைச் சிறிதாக்குங்கள். முன்வரிசையில் ஒன்று, பின்வரிசையில் இரண்டு என மூன்று கொழுக்களுக்கு மேல் வேண்டாம். இரு வரிசைகளுக்கும் இடையே 30 செ.மீ. இடைவெளி விட்டால் களையும் பழைய பயிர்த் தாளும் சிக்காமல் வழிந்து போகும். முதல் ஓட்டத்தில் 5 செ.மீ., மண் தளர்ந்தபின் அடுத்த ஓட்டத்தில் இன்னும் சற்று ஆழம் என்று படிப்படியாக இறங்குங்கள். ஏற்கனவே தளர்ந்த மண்ணில் இழுவிசை மூன்றில் ஒரு பங்காகக் குறையக்கூடும். பாத்தியில் களை எடுப்பதற்கு 5 செ.மீ. ஆழமே போதுமானது.

கல்மூட்டை ஏற்றுவதை விட்டுவிடுங்கள். ஆளை ஏற்றி அமர்த்துவதோ உயிருக்கே ஆபத்தானது. கொழு மண்ணில் இறங்கவில்லை என்றால் முனையின் சாய்வு தவறு என்று பொருள். முனை தரையுடன் 25 முதல் 30 பாகை சாய்வில் முன்னோக்கி இருந்தால் அது தானாகவே மண்ணுக்குள் இறங்கும், இழுவிசையும் குறையும். செங்குத்தாக நிற்கும் முனை மண்ணைத் தள்ளிக்கொண்டே போகும். இழுக்கும் புள்ளி பின்அச்சின் உயரத்திற்குக் கீழே இருப்பதை உறுதி செய்யுங்கள். மேலே இருந்தால், கொழு வேரில் சிக்கும் கணத்தில் வண்டியின் முன்பகுதி எழுந்து, வண்டி பின்னோக்கிக் கவிழும்.

மண்ணை உருண்டை பிடித்துக் கீழே போட்டால் அது உதிர வேண்டும். அப்படியே உருண்டையாகக் கிடந்தால் ஈரம் அதிகம்; அன்று உழாதீர்கள்.

விதைப்பதற்கு முன் இதை மட்டும் செய்து பாருங்கள். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை வயலில் குறியுங்கள். பிறகு நடுக்கொழுவை மட்டும் பூட்டி 5 செ.மீ. ஆழத்தில் அதே தூரத்தைக் கடந்து, சுற்றுகளை எண்ணுங்கள். பதினொன்று, பதினொன்றரை வரை சரியான வழுக்கல்தான். அடுத்த கொழுவைப் பூட்டி மீண்டும் எண்ணலாம். பன்னிரண்டைத் தாண்டும்போது, கடைசியாகப் பூட்டிய கொழுவைக் கழற்றிவிடுங்கள்.