பெரிய டர்போ மாட்டிய ஆக்டேவியா ஆர்எஸ் காரில் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே பாய்கிறது, பாதிக்கு மேல் மிதித்தால் பலனில்லை. பெடல் பாக்ஸ் பொருத்தினால் சரியாகுமா?

சரியாகாது, உங்கள் கார் இப்போது இருக்கும் நிலையில் அது குறையை மேலும் கூட்டவே வாய்ப்பு அதிகம். பெடல் பாக்ஸ் என்பது பெடல் சென்சாருக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கும் நடுவில் அமர்ந்து, நீங்கள் 20 சதவீதம் மிதித்தால் 35 என்று மாற்றிச் சொல்லும் ஒரு கருவி, அவ்வளவுதான். தொட்டாலே பாயும் காருக்கு அது மருந்தல்ல. அதை மந்தமான நிலைக்குத் திருப்பி வைத்தாலும், பெடலின் பின்பாதியில் பலனில்லாமல் இருப்பதற்கான காரணம் ஈசியூவுக்குள் அப்படியே கிடக்கும்.

முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்எஸ், இந்தியாவில் 150 குதிரைத்திறனுடன் விற்கப்பட்ட 1.8 லிட்டர் டர்போ கார். அதில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் எம்இ 7.5 ஈசியூ. கேபிள் வைத்த பழைய கார்களைப் போல இதில் பெடல், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை மூடித் திறக்கும் த்ராட்டிலை நேராக இழுப்பதில்லை. பெடல் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது, எஞ்சின் எந்த வேகத்தில் சுழல்கிறது என்ற இரண்டையும் வைத்து, ஓட்டுநர் எத்தனை சதவீத டார்க் (சுழற்று விசை) கேட்கிறார் என்று ஈசியூ முதலில் முடிவு செய்கிறது. இதற்கான அட்டவணையை, அதாவது மேப்பைத்தான், ஈசியூவின் கணக்குகளைத் திருத்தும் டியூனர்கள் கேஎஃப்பெட் என்கிறார்கள். அந்த டார்க்குக்கு சிலிண்டரில் எவ்வளவு காற்று நிரம்ப வேண்டும் என்பதை கேஎஃப்எம்ஐஆர்எல் என்ற அடுத்த மேப் சொல்கிறது. அந்தக் காற்றை உள்ளே விட த்ராட்டில் எத்தனை டிகிரி திறக்க வேண்டும் என்ற கணக்கு கடைசியில்தான் வருகிறது. ஆகவே உங்கள் காரை இந்த வரிசையின் கடைசிப் படியிலிருந்து மேல்நோக்கிச் சரிசெய்துகொண்டு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலர் கேஎஃப்பெட்டில் கை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். கீழே காற்றுக் கணக்கு தவறாக இருக்கும்போது மேலே என்ன எழுதினாலும் ஒரு வேகத்தில் சரியாகி இன்னொரு வேகத்தில் கெடும்.

பெரிய டர்போவோடு, த்ராட்டில் அமர்ந்திருக்கும் த்ராட்டில் பாடியையும் பெரிதாக மாற்றியிருந்தால் அதை முதலில் பார்ப்போம். விட்டம் 60 மில்லிமீட்டரிலிருந்து 70 ஆனால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. ஐட்லிங்கிலும் மெதுவான ஓட்டத்திலும் த்ராட்டில் சில டிகிரிகளே திறந்திருக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் பழையதைவிட மிகுதியான காற்று உள்ளே போவது அங்கேதான் காலில் தெரியும். திறப்புக் கோணத்துக்கு எவ்வளவு காற்று போகும் என்ற மேப்பும் அதன் தலைகீழ் மேப்பும் பழைய அளவுக்கே இருந்தால், ஈசியூ தான் நினைத்ததைவிட அதிகக் காற்றை விட்டுவிட்டுப் பிறகு பின்வாங்கும். ஐட்லிங் ஏறி இறங்குவது இதன் அடையாளம். இந்த இரண்டு மேப்புகளும் புதிய பாடிக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் டியூனரிடம் கேளுங்கள். கூடவே, இக்னிஷன் ஆனில், எஞ்சின் ஓடாத நிலையில், ஈசியூவோடு பேசும் வாக்-காம் மென்பொருளின் பேசிக் செட்டிங்ஸில் 060 குழுவைத் திறந்து, ஈசியூ த்ராட்டிலின் நிலைகளைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் த்ராட்டில் அடாப்டேஷனைச் செய்யுங்கள். த்ராட்டில் தானாக அசையும் ஓசை கேட்கும்; அது முடிந்ததாகத் திரையில் வரும்வரை சாவியைத் திருப்ப வேண்டாம்.

அடுத்தது கேஎஃப்எம்ஐஆர்எல். பெரிய டர்போவுக்காக இதில் உச்ச அளவைக் கூட்டியே ஆக வேண்டும். முழு மேப்பையும் ஒரே விகிதத்தில் பெருக்கிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் லேசாக மிதிக்கும்போது கேட்கப்படும் காற்றும் கூடிவிடுகிறது. தொட்டாலே பாய்வதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். குறைந்த டார்க் பகுதியைத் தொழிற்சாலை வைத்த அளவிலேயே விட்டுவிட்டு, மேல் பகுதியை மட்டும் படிப்படியாக உயர்த்துவதே முறை. இதன் தலைகீழான கேஎஃப்எம்ஐஓபி மேப்பையும் அதற்கு இணங்க மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், எஞ்சின் தருகிற டார்க்கை ஈசியூ தவறாகக் கணித்து, அனுமதித்த வரம்பைத் தாண்டிவிட்டதாக எண்ணி, பெடல் 100 சதவீதத்தில் இருக்கும்போதே த்ராட்டிலை மூடத் தொடங்கும்.

இப்போது பெடலின் பின்பாதிக்கு வருகிறேன். பெரிய டர்போ தாமதமாகத்தான் பூஸ்ட் (காற்றழுத்தம்) கட்டும். உதாரணமாக, 2,500 ஆர்பிஎம்மில் உங்கள் எஞ்சினால் உச்ச டார்க்கில் 50 சதவீதம்தான் தர முடியும் என்று வைத்துக்கொள்வோம். கேஎஃப்பெட் அந்த வேகத்தில் பெடலின் பாதியிலேயே 50 சதவீதத்தைக் கேட்டுவிட்டால், த்ராட்டில் அங்கேயே முழுதாகத் திறந்துவிடும். அதற்கு மேல் மிதிப்பதெல்லாம் எஞ்சினிடம் இல்லாததைக் கேட்பதாகும். எனவே குறைந்த ஆர்பிஎம் வரிசைகளில், எஞ்சின் உண்மையில் தரக்கூடிய டார்க்கைப் பெடலின் முழு நீளத்திலும் பரப்பி எழுத வேண்டும். பூஸ்ட் வந்த பிறகான வரிசைகளுக்கு இதை ஒரு படியாக அல்லாமல் சீரான ஏற்றமாக இணைக்க வேண்டும். இல்லையென்றால் 3,000-ஐக் கடக்கும்போது கால் அசையாமலே கார் எகிறும். ஒரு காரை ஓட்ட இனிமையானதாக ஆக்குவது பெரும்பாலும் இந்த வேலைதான், ஆனால் எஞ்சின் திறனை அளக்கும் டைனோ தரும் காகிதத்தில் இது தெரியாது என்பதால் பலர் இதற்கு நேரம் கொடுப்பதில்லை. மூன்றாவது கியரில், பெடலைப் பத்துப் பத்து சதவீதமாக நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் இழுவை கூடுகிறதா என்று வெறிச்சோடிய சாலையிலோ டைனோவிலோ பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெடலை மிதித்தவுடன் டார்க் ஏறுவதைத் தணிக்கும் ஃபில்டர்களை முழுவதுமாக நீக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் குறைக்கலாம், அடியோடு எடுத்தால் எஞ்சின் மவுண்டும் டிரைவ் ஷாஃப்ட்டும் ஒவ்வொரு முறையும் அடி வாங்கும். இரண்டாவது, டார்க் கண்காணிப்பு. பெடலில் இரண்டு சென்சார்கள், த்ராட்டிலில் இரண்டு சென்சார்கள் என்று வைத்து, கேட்டதற்கு மேல் எஞ்சின் தருகிறதா என்று ஈசியூ இடைவிடாமல் சரிபார்ப்பது, நீங்கள் கால் எடுத்த பிறகும் கார் ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்த வரம்புகளை உச்சத்துக்குத் தள்ளி வாயடைப்பது எளிது, ஆனால் நான் அதை எந்தக் காரிலும் ஏற்க மாட்டேன். கணக்கு சரியாக இருந்தால் கண்காணிப்பு குறுக்கே வராது.

மேப்பை மாற்றும் முன் மூன்றாவது கியரில் ஓட்டி, இவற்றின் அளவுகளைப் பதிந்து ஒரு லாக் எடுங்கள்: ஆர்பிஎம், பெடல் சதவீதம், த்ராட்டில் கோணம், கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், இக்னிஷன் டைமிங். பெடல் முழுதாக இருந்தும் த்ராட்டில் மூடினால் டார்க் மேப்புகளைப் பாருங்கள். த்ராட்டிலும் முழுதாகத் திறந்திருந்து பூஸ்ட் மட்டும் பின்தங்கினால், அது டர்போவின் தாமதமோ பைப்பில் காற்றுக் கசிவோதான்; அதற்குப் பெடல் மேப்பில் தீர்வு இல்லை. லாக்கை இங்கே பதிவிட்டால் எந்த மேப்பில் தொடங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.