கையில் இருக்கும் துண்டைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: விடுமுறையில் எல்லாரும் சேர்ந்து செய்யலாம் என்று துண்டு துண்டாக வெட்டிய படத்தைப் பொருத்திச் சேர்க்கிற ஜிக்சா பஸில் ஒன்று வாங்கினேன், ஆயிரம் துண்டு. ஆற்றங்கரையில் படகுகள் நிற்கிற படம். இரண்டாம் நாளே சண்டை வந்துவிட்டது. கணவர் முழுப் படம் இருக்கும் பெட்டி மூடியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு உத்தரவு போடுகிறார். 14 வயது மகன் யாருக்கும் காத்திராமல் மளமளவென்று அடுக்குகிறான். 7 வயது மகள் ஒரு துண்டை ஒளித்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள். மாமியார் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார். பேசாமல் கலைத்துப் பெட்டியில் போட்டுவிடட்டுமா?

பதில்: வேண்டாம், அப்படியே கிடக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நல்ல சேதியாகப் பட்டதே மகள் துண்டை ஒளித்து வைத்ததுதான். இதில் மனசு இல்லையென்றால் அவள் பாட்டுக்கு எழுந்து விளையாடப் போயிருப்பாள். எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. சின்னவன் எடுத்த துண்டு மூன்று நாள் கழித்துப் பென்சில் டப்பாவில் கிடைத்தது. காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முனை மடங்கி, கைவியர்வையில் மேல்தாள் உரிந்து போயிருந்தது. அதை எவ்வளவு நேரம் உள்ளங்கைக்குள்ளேயே வைத்திருந்திருப்பான் என்று நினைத்தபோது திட்ட வாய் வரவில்லை. கடைசித் துண்டையாவது நாம் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறான், அவ்வளவுதான். உங்கள் மகளிடம் திருப்பிக் கேட்காதீர்கள். ‘உன்கிட்டயே இருக்கட்டும், எல்லாம் முடிந்ததும் நீ வந்து வை’ என்று சொல்லுங்கள்.

அப்புறம், அவளுக்கு எந்தத் துண்டுகளைக் கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டை ஒட்டி அறுத்து விற்றார். பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தர வந்த பொருள் அது. துண்டைக் கையில் எடுத்தால் அது இன்ன நாடு என்று தெரியும். ஏழு வயதுக்கு அப்படி ஏதாவது தெரிய வேண்டும். நீலமாக ஒரு துண்டைக் கொடுத்து வானத்தில் தேடு என்றால் பெரியவர்களுக்கே அலுத்துவிடும். ஒரு படகைப் பிரித்து அவளிடம் கொடுங்கள், அந்தப் படகு முழுக்க அவளுடையது. யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

மகன் வேகமாகச் செய்வது குற்றமில்லை. ஸ்பெயினில் 2019 முதல் உலகப் போட்டியே நடக்கிறது, அங்கே தனியாளாக உட்கார்ந்து 500 துண்டை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவனுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுத்து, நேரம் குறித்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். இந்த மேசையில் கஷ்டமான இடம் அவனுக்கு. தண்ணீரில் விழும் நிழல், மரத்து இலைகள், இப்படி.

கணவருக்கு ஒரே மாற்றம் போதும், மூடியை மேசை நடுவில் நிமிர்த்தி வையுங்கள். மூடி யார் கையில் இருக்கிறதோ அவர் தானாகவே மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார், அது யாராக இருந்தாலும் நடக்கும். கூடவே வீட்டுக்கு ஒரு சட்டம்: அடுத்தவர் கையில் இருக்கும் துண்டு எங்கே போகும் என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, கேட்டால் மட்டும் சொல்லலாம். திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு இடத்தில் வைத்துத் தோற்று, மூன்றாவதில் டக்கென்று உட்காரும் அந்த நொடிக்காகத்தானே எல்லாரும் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். அதைப் போய் ‘இங்கே வை’ என்று பிடுங்கிக்கொண்டால் மிச்சம் வெறும் அட்டைதான்.

மாமியாரை அழைத்துத் தட்டுகளில் நிறம் பிரிக்கச் சொல்லுங்கள். கண் சிரமப்படாமல் நல்ல வெளிச்சம் வேண்டும். இது ஒப்புக்குக் கொடுக்கிற வேலை என்று நினைக்காதீர்கள். ஆயிரம் துண்டு என்று விற்பதில் பல, நீளத்தில் 38, அகலத்தில் 27 துண்டு என்று வெட்டியவை. பெருக்கினால் 1026 வரும், அதில் ஓரத் துண்டுகள் 126தான். ஓரம் கட்டி முடித்தபின் உள்ளே இன்னும் 900 இருக்கிறது. பிரித்து வைக்காமல் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினால் எரிச்சல்தான் வரும், பாதிச் சண்டை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

இன்னொன்று, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். முடித்தால் 70க்கு 50 சென்டிமீட்டர் அளவில் வரும், அதைச் சுற்றி ஐந்து தலை என்றால் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். கனமான அட்டைமேல் வைத்துவிட்டால் மேசை தேவைப்படும்போது கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். போகிறவர் வருகிறவர் ஆளுக்கு நாலு துண்டு வைத்துவிட்டுப் போகட்டும். இரவு தண்ணீர் குடிக்க எழுந்த இரண்டு பேர் அங்கே நின்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்ததை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

வானம் கடைசியில்தான் மிஞ்சும். அங்கே நிறம் கைகொடுக்காது, எத்தனை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, எத்தனை பள்ளம் என்று வடிவம் பார்த்துப் பிரித்து வையுங்கள். அப்போது எல்லாரையும் கூப்பிடுங்கள், ஆள் தேவைப்படும். ஒரு துண்டு குறைகிறது என்று தோன்றினால் மகளை முறைக்காமல் முதலில் சோபாவுக்கு அடியில் பாருங்கள்.