பன்னிரண்டு தலைப்புகளா, ஒரே நிருபமா?

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள். இன்னும் நான்கு மாதத்தில் எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் ஓர் அயல்நாட்டுக்கு மிஷன் பயணம் போகிறோம். பாதுகாப்புக் கருதி நாட்டின் பெயரை எழுதவில்லை. அங்கே கிராமங்களில் ஊழியம் செய்யும் நாற்பது போதகர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. பெரும்பாலோர் வேதாகமக் கல்லூரிக்குப் போகாதவர்கள். பயிர் செய்துகொண்டே சபையையும் நடத்துகிறவர்கள். ஜெபம், தலைமைத்துவம், குடும்பம், ஆலோசனை கொடுத்தல், கடைசிக்காலம் என்று பன்னிரண்டு தலைப்புகள் வைத்திருக்கிறோம். பவர்பாயிண்ட் தயார். ஆளுக்கு ஒரு பெரிய ஆங்கில விளக்க வேதாகமம், ஒரு சான்றிதழ், கடைசி நாளில் ஒரு கவர் கொடுக்கலாம் என்று எண்ணம். எங்கள் மூப்பர் ஒருவர், “ஆறு பேரின் டிக்கெட் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால் அவர்களுக்கு அதைவிடப் பிரயோஜனமாக இருக்குமே” என்கிறார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போகலாமா? போனால் எதை மாற்ற வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மூப்பர் கேட்டது நியாயமான கேள்வி. இப்போதிருக்கும் திட்டத்தோடு போவதானால் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் திட்டத்தை மாற்ற நான்கு மாதம் தாராளமாகப் போதும், அதனால் போகலாம் என்றே சொல்வேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மொழிபெயர்ப்போடு பேசினால் ஒரு மணி நேரம் அரை மணி நேரமாகிவிடும். பன்னிரண்டு தலைப்புக்குத் தலா ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலும் ஒவ்வொன்றிலும் உண்மையில் நீங்கள் சொல்லப்போவது முக்கால் மணி நேர விஷயம். கேட்கிறவர் பன்னிரண்டு தலைப்பிலும் குறிப்பு எடுப்பார், தலையாட்டுவார், நன்றி சொல்வார். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதைப் பிரசங்கிப்பது என்ற பழைய கேள்வி அப்படியே அவர் முன்னால் நிற்கும். கிராமப் போதகருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது பிரசங்கிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் கையில் வேதாகமத்தைத் தவிர வேறு புத்தகம் இருக்காது. அந்த ஒரு புத்தகத்தைத் திறந்து, ஒரு பகுதியை வாசித்து, அதில் உள்ளதைச் சபைக்குச் சொல்ல அவர் பழகிவிட்டால், நீங்கள் விமானம் ஏறிய பிறகும் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே பன்னிரண்டு தலைப்பையும் விட்டுவிட்டு ஒரே நிருபத்தை எடுங்கள். என் பரிந்துரை இரண்டாம் தீமோத்தேயு. நான்கு அதிகாரம், 83 வசனம். சோர்ந்துபோன ஓர் இளம் ஊழியருக்குச் சிறையிலிருந்து பவுல் எழுதிய கடிதம். ஊக்கமும் பயிற்சியும் அதிலேயே இருக்கின்றன. இதைப் பத்துப் பகுதியாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு இரண்டு. காலையில் ஒரு பகுதி, இடைவேளைக்குப் பின் ஒரு பகுதி, மதியம் முழுக்கப் பயிற்சி.

ஒவ்வொரு பகுதிக்கும் அதே நான்கு கேள்விகள் போதும். யார், யாருக்கு, எந்த நிலைமையில் இதைச் சொல்கிறார்? இந்தப் பகுதி சொல்வதை ஒரே வாக்கியத்தில் சொன்னால் என்ன? சுவிசேஷத்தோடு இது எப்படிச் சேர்கிறது? என் சபை இதைக் கேட்டு என்ன செய்ய வேண்டும்? ஐந்து நாளும் கேள்விகளை மாற்றாதீர்கள். புதிது புதிதாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசை பேசுகிறவருடையது. கேட்கிறவருக்குத் தேவை பழக்கம். மூன்றாம் நாள் அவர்களே உங்களை முந்திக்கொண்டு கேள்வியைச் சொல்வார்கள்.

ஓர் உதாரணம். நான்காம் அதிகாரம் 13ஆம் வசனத்தில், துரோவாவில் கார்ப்பு வசம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி பவுல் கேட்கிறார். இந்த மேலங்கியை எலியாவின் சால்வையாக்கி, ‘அபிஷேகத்தை எங்கேயோ விட்டுவிட்டாய், திரும்பப் போய் எடு’ என்று பிரசங்கிப்பது மிகச் சுலபம். யாராவது அப்படிச் சொன்னால் ‘தப்பு’ என்று உடனே மறிக்க வேண்டாம். அதிகாரத்தை முடிவு வரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 21ஆம் வசனத்தில், மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்று இருக்கிறது. சிறையில் இருக்கும் வயதானவருக்குக் குளிர்காலம் வருகிறது, மேலங்கி தேவைப்படுகிறது. தேமா விட்டுப்போய்விட்டான், லூக்கா மாத்திரம் கூட இருக்கிறார் என்பதும் பக்கத்திலேயே வருகிறது. அதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது அந்த அறை அமைதியாகிவிடும். அப்போஸ்தலனுக்கும் குளிரும், அவரும் தனிமைப்பட்டார் என்பது தனியாக ஊழியம் செய்கிறவருக்கு எந்த அபிஷேகப் பிரசங்கமும் தராத ஆறுதல்.

விசுவாசித்தால் செல்வமும் சுகமும் நிச்சயம் என்னும் செழிப்பு உபதேசம் அந்தப் பகுதிகளில் பரவியிருக்கலாம். முதல் நாளே அதைத் தாக்கிப் பேசாதீர்கள். பாதிப்பேர் மனதை மூடிக்கொள்வார்கள். இந்த நிருபத்தில் பாடுகளைப் பற்றி எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள், வசனமே பேசிக்கொள்ளும்.

மதியப் பயிற்சிக்கு நாற்பது பேரை எட்டுப் பேராக ஐந்து குழுவாக்குங்கள். ஒவ்வொருவரும் எட்டு நிமிடம் பிரசங்கிக்க வேண்டும், பிறகு ஏழு நிமிடம் மற்றவர்கள் அந்த நான்கு கேள்விகளை வைத்தே அதைச் சோதிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் எட்டுப் பேரும் முடித்துவிடுவார்கள். இதில் பெரிய லாபம், எல்லாம் அவர்கள் மொழியிலேயே நடக்கும், மொழிபெயர்ப்பில் ஒரு நிமிடமும் போகாது. உங்களுக்குப் புரியாதுதான், பரவாயில்லை. குழுவுக்கு ஓர் உள்ளூர்த் தலைவரை முந்தின நாளே தயார் செய்யுங்கள். ‘நன்றாக இருந்தது, ஆமென்’ என்று சொல்லி முடித்துவிடுவதே இங்கே வழக்கமாக வரும் கோளாறு. ‘அவர் சொன்ன முக்கியக் கருத்தை வசனத்தில் காட்டு’ என்று தலைவர் கேட்டாக வேண்டும்.

எல்லோரும் சரளமாக வாசிப்பார்கள் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். சிலருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், அதை எல்லோர் முன்னாலும் சொல்லவும் மாட்டார்கள். பகுதியை மூன்று முறை சத்தமாக வாசிக்க வைத்து, பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒருவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். விட்டதை மற்றவர்கள் சேர்க்கட்டும். வாசிக்கத் தடுமாறுகிறவர் இதில் பலமுறை மற்றவர்களை மிஞ்சிவிடுவார்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பயிற்சியின் பாதி அவர் கையில் இருக்கிறது. இரண்டு பேர் வேண்டும், முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள. குறிப்புகள் குறைந்தது இரண்டு வாரம் முன்பே அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். கிருபை, ஆவி, மனந்திரும்புதல், மூப்பர் என்று ஒரு முப்பது சொல்லுக்கு அவர்கள் வேதாகமத்தில் என்ன சொல் இருக்கிறது என்று முந்தின நாள் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வினைச்சொல் எல்லா மொழியிலும் ஒரே இடத்தில் வராது. தமிழில் ஒருவர் ‘தேவன் உங்களைக் கை’ என்று சொல்லி மூச்சு வாங்கினால் கைவிடுவாரா, கைவிடமாட்டாரா, கைதூக்குவாரா என்று மொழிபெயர்ப்பாளருக்கு எப்படித் தெரியும்? சிலேடை, பழமொழி, கவிதை, முதலெழுத்து ஒத்துவரும் மூன்று தலைப்புகள் எதுவும் எல்லை தாண்டாது.

அவர்கள் வைத்திருக்கும் வேதாகமம் எது என்பதையும் இப்போதே விசாரியுங்கள். சில மொழிகளில் புதிய ஏற்பாடு மட்டுமே இருக்கும். எண்களும் மாறலாம். ரஷ்ய சினோடல் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தும் இடங்களில் நமது 23ஆம் சங்கீதம் 22ஆம் சங்கீதம். தெரியாமல் போனால் பத்து நிமிடம் எல்லோரும் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு எச்சரிக்கை: அவர்களுடைய கண்காணியையோ, மேலிடத் தலைவரையோ மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். வகுப்புக்குச் சமாளிக்கலாம். ஆனால் மாலையில் ஒரு போதகர் தன் பாரத்தைச் சொல்ல வரும்போது இடையில் மேலதிகாரி உட்கார்ந்திருந்தால் வாய் திறப்பாரா? அந்த மாலை நேரத்தை வகுப்பைப் போலவே முக்கியமாக எண்ணுங்கள். தினமும் ஒரு மணி நேரம், இரண்டிரண்டு பேராக, கேட்பதற்கு மட்டும். கடன், பிள்ளைகள் படிப்பு, மனைவியின் சோர்வு, சபைக்குள் பிளவு, எல்லாம் வரும். ஜெபியுங்கள். பணமோ ஸ்காலர்ஷிப்போ வாக்குக் கொடுக்காதீர்கள். கண்ணீரைப் பார்த்த வேகத்தில் கொடுத்த வாக்கு நிறைவேறாமல் போனால் அடுத்த முறை வருகிறவரையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

பணத்துக்கு வருகிறேன். கடைசி நாள் கவரை விட்டுவிடுங்கள். வந்துபோகும் வண்டிச் செலவு, சாப்பாடு, தங்குமிடம் ஆகியவற்றை உள்ளூர்ச் சபை போட்ட கணக்குப்படி, உள்ளூர்ச் சபையின் கையாலேயே கொடுங்கள். உட்கார்ந்ததற்குப் படி கொடுக்கும் வழக்கத்தை நீங்கள் தொடங்கிவிட்டால், பிறகு படி இல்லாமல் அந்த ஊர்ச் சபையே நடத்தும் கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். சிறிதாவது அவர்களும் போடட்டும். சீனாவின் ஷாண்டோங்கில் ஊழியம் செய்த ஜான் நீவியஸ் 1890இல் இரண்டு வாரம் கொரியாவுக்குப் போய் அங்கிருந்த இளம் மிஷனரிகளுக்குத் தன் முறையை விளக்கினார். சபை தன் காலில் நிற்க வேண்டும், தன்னைத் தானே நடத்த வேண்டும், தானே சுவிசேஷத்தைப் பரப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி அங்கே நடந்த வேதாகம வகுப்புகளுக்குக் கிராமத்து விசுவாசிகள் வயல் வேலை இல்லாத குளிர்காலத்தில், தங்கள் அரிசியைத் தாங்களே சுமந்துகொண்டு நடந்து வந்தார்கள். குறுகிய பயணத்தாலும் ஒரு நாட்டின் ஊழியத்தைத் திருப்ப முடியும் என்பதற்கு அந்த இரண்டு வாரத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உங்கள் மூப்பரிடம் அதைச் சொல்லுங்கள்.

அந்த அரிசி மூட்டையில் காலமும் இருக்கிறது. நீங்கள் குறித்த வாரம் அவர்களுக்கு நடவா, அறுவடையா? கேட்டீர்களா? உங்கள் விடுமுறையை வைத்துத் தேதி போட்டால் வேலைக்காரர் வைக்க வசதியுள்ள நகரப் போதகர்கள்தான் வருவார்கள். வெள்ளிக்கிழமை மதியத்தோடு முடித்துவிடுங்கள். ஒரு நாள் நடந்து ஊர் போகிறவர் சனிக்கிழமை இரவாவது வீடு சேர்ந்தால்தான் ஞாயிறு ஆராதனை நடத்த முடியும்.

சான்றிதழ் கொடுப்பதானால் ‘பங்கேற்றார்’ என்பதற்கு மேல் எதுவும் அச்சிடாதீர்கள். ருவாண்டாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் சபைகளை நடத்தும் தலைவர்களுக்கு இறையியல் பட்டம் கட்டாயம் என்று சொல்லி ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து நாள் வகுப்புக்கு ‘டிப்ளமோ’ என்று எழுதிக் கொடுத்தால், அதை நம்பி அதிகாரியிடம் நீட்டுகிறவர்தான் அவமானப்படுவார்.

ஆங்கில விளக்க வேதாகமம் வேண்டவே வேண்டாம். நாற்பது பிரதியின் எடையில் உங்கள் பெட்டிகள் நிறைந்துவிடும், சுங்கத்தில் கேள்வி வரும், வாசிக்க ஆளிருக்காது. அந்தப் பணத்தில் அவர்கள் மொழியில் அந்த நாட்டிலேயே அச்சானதை வாங்குங்கள். பவர்பாயிண்டும் மின்சாரத்தை நம்பியது. ஒரு கரும்பலகை, பகுதிக்கு ஒரு தாள், பெரிய எழுத்தில், 45 பிரதி. போதும்.

விசா விஷயத்தில் பொய் சொல்லாதீர்கள். பல நாடுகளில் சுற்றுலா விசாவில் போய்ப் பயிற்சி நடத்துவது விதிமீறல். அழைக்கும் சபையிடமிருந்து கடிதம் பெற்று, எந்த வகை விசா என்று தூதரகத்தில் எழுத்தில் கேளுங்கள். மாட்டிக்கொண்டால் நீங்கள் அடுத்த விமானத்தில் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், விசாரணைக்குப் போகிறவர் உங்களை அழைத்தவர். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் மதமாற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாடுகடத்தல். நாட்டின் பெயரை எழுதாமல் விட்டீர்களே, அதே கவனம் புகைப்படத்திலும் இருக்கட்டும். போதகர்களின் முகமும் ஊர்ப்பெயரும் உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் வரக்கூடாது.

உடல்நலத்துக்கு மருத்துவரை இப்போதே பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடானால், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகும். மலேரியா மாத்திரைகளில் சிலவற்றைப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும், திரும்பிய பின்னும் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவதுதான் பொதுவான தப்பு.

ஆறு பேர் அதிகம். மூன்று பேர் போங்கள்: வகுப்பெடுக்க இருவர், குழுக்களையும் ஏற்பாடுகளையும் கவனிக்க ஒருவர். மிச்சமாகும் மூன்று டிக்கெட்டில் இரண்டாவது பயணம் நடக்கட்டும். இதுதான் மூப்பருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே நாற்பது பேருக்கு, மூன்று ஆண்டு. ஆறு வருகை, ஆறு வேதப் புத்தகம். அடுத்த முறைக்கு ரூத்தை எடுக்கலாம், நான்கு அதிகாரம், 85 வசனம், கதையை எப்படிப் பிரசங்கிப்பது என்று பழக நல்லது. இடைப்பட்ட மாதங்களில் எட்டுப் பேர் குழு மாதம் ஒருமுறை கூடி, கற்ற நிருபத்தைத் தங்கள் சபையில் வரிசையாகப் பிரசங்கித்ததைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் பக்கத்து ஊர் ஊழியர் இரண்டு பேருக்காவது அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘கேட்டதை, மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்கவர்களிடம் ஒப்புவி’ என்னும் இரண்டாம் தீமோத்தேயு 2:2ஐ அவர்கள் கற்றதற்கு அடையாளம் அதுதான். மூன்றாம் வருகையில் பாதி வகுப்பை உள்ளூர்த் தலைவர்கள் எடுக்கட்டும்.

குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி 1963இல் இதே சிக்கலைச் சந்தித்தது. கிராமச் சபைகளை நடத்துகிறவர்கள் நிலத்தையும் குடும்பத்தையும் விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வர முடியவில்லை. ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமரி முதலியவர்கள் கல்லூரியையே மாணவர்களிடம் கொண்டுபோனார்கள். மாணவர் வீட்டிலிருந்தே பாடம் படிப்பார், ஆசிரியர் குறித்த நாளில் பக்கத்து ஊருக்கு வந்து அவர்களைக் கூட்டிப் பேசுவார். திரும்பத் திரும்ப வந்ததால்தான் அது நிலைத்தது.

யார் வரவேண்டும் என்ற பட்டியலை இந்த வாரமே அழைக்கும் சபையிடம் கேளுங்கள். இப்போது ஒரு சபையை நடத்துகிறவரா, மூன்று ஆண்டும் வருவாரா, வேறொருவருக்குச் சொல்லிக்கொடுப்பாரா என்ற மூன்று கேள்விகளையும் அதோடு அனுப்புங்கள். நாற்பது பேர் தேறாவிட்டால் இருபத்துநான்கு பேரை வைத்து நடத்துங்கள், மூன்று குழு வரும். பட்டியல் வந்ததும் பத்துப் பகுதிகளின் குறிப்பையும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.