கறிவேப்பிலைக் கன்றும் மல்லிக் கட்டும்

கேள்வி: வாரம் இரண்டு தடவை மல்லி இலை, புதினா, கறிவேப்பிலை மூன்றும் வாங்குகிறேன். பாதி அழுகிப் போகிறது. மழை பிடித்தால் விலையும் ஏறிவிடுகிறது. வீட்டில் வளர்த்தால் கட்டுப்படியாகுமா? பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது.
(தக்கலையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மூன்றையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். கறிவேப்பிலையை மண்ணில் நடுங்கள், புதினாவைத் தொட்டியில் வையுங்கள், மல்லி இலையைச் சந்தையில் வாங்குங்கள்.

கறிவேப்பிலைக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். தெருவில் யார் வீட்டிலாவது பெரிய மரம் நின்றால், அதன் வேரிலிருந்து சுற்றிலும் குட்டிக் கன்றுகள் முளைத்திருக்கும். கேட்டால் தருவார்கள். ஈரமான நாளில் வேரோடு தோண்டி எடுத்து வந்து, வெயில் விழும் இடத்தில் நடுங்கள். முதல் வருடம் இலை பறிக்க ஆசைப்படாதீர்கள். இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் புதராகும். புளித்த மோரும், நம் வீடுகளில் தினமும் கீழே ஊற்றும் மீன் கழுவின தண்ணீரும் அதற்கு நல்ல உரம்.

ஒரு எச்சரிக்கை. தளிரில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. கொஞ்ச நாளில் பச்சையாக, விரல் தடிமனுக்கு வளர்ந்து, ஒரு கிளை இலையையும் காலி பண்ணிவிடும். எச்சம் மாதிரி இருக்கும்போதே கையால் எடுத்துப் போடுங்கள். சமையலுக்குப் பறிக்கிற செடிக்கு மருந்து அடிக்கவே கூடாது. கன்று வளரும் வரை கடையில் வாங்குகிற கறிவேப்பிலையை, புளி கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள்.

புதினாவுக்குத் தனியாக நாற்று வேண்டாம். வாங்கிய கட்டில் தடித்த தண்டாக நாலைந்து எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் கணுவில் வெள்ளை வேர் விடும். அரை நிழலில், அகலமான தொட்டியில் வைத்தால் வெட்ட வெட்டத் தழையும்.

மல்லிதான் நம் குமரி மாவட்டத்தில் பாடுபடுத்தும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இளம் செடி மழையடியில் சாய்ந்து அழுகிவிடும், கோடையிலோ இலை தழைக்கும் முன் பூத்துவிடும். இடைப்பட்ட தை, மாசியில் ஒரு தடவை தூவிப் பாருங்கள். மளிகைக்கடை மல்லியே போதும். ஆனால் 10 விதையை ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று முதலில் பாருங்கள். விதையை இரண்டாக உடைபடும்படி தேய்த்துவிட்டுத்தான் தூவ வேண்டும்.

மற்ற நாளில் சந்தைதான். நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் கட்டின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். வெளியே பச்சைப்பசேல் என்று இருந்த ஒரு கட்டை நான் வாங்கி வந்து பிரித்தபோது, கயிறு கட்டிய இடம் முழுக்கக் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. தண்ணீர் தெளித்து இறுக்கிக் கட்டியதன் வேலை அது. வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கழுவாமல், காகிதத்தில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பாதி அழுகுகிற கட்டு 10 ரூபாய் என்றாலும், நீங்கள் கொடுப்பது 20 ரூபாய்க் கட்டின் விலை.

கேள்வி: காய்ந்த புதினா 20 கிராம் பாட்டில் 80 ரூபாய் போட்டிருக்கிறது. வாங்கலாமா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஒரு கிராம் 4 ரூபாய், அதாவது கிலோ 4,000 ரூபாய். புதினாவில் 100 கிராமுக்கு 80 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். உங்கள் 20 கிராம் என்பது சுமார் 120 கிராம் பச்சை இலை. அதைப் பச்சையாக வாங்க என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தில் அதிகபட்ச சில்லறை விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற அலகு விலையும் இருக்கும். சின்ன பாட்டிலையும் பெரிய பாக்கெட்டையும் ஒப்பிட அந்த எண்ணைப் பாருங்கள். தயாரித்த மாதம், நிகர எடை, 14 இலக்க உணவு உரிம எண் இவையும் இருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

புதினாவை மாசி, பங்குனியில் நிழலில் காயவைத்து நீங்களே பாட்டிலில் அடைக்கலாம். மல்லி இலையைக் காயவைக்காதீர்கள், மணமெல்லாம் போய் வைக்கோல்தான் மிஞ்சும். கறிவேப்பிலை காய்ந்தால் பொடிக்கு ஆகும். ஆனால் அவியலை இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெயோடு கசக்கிப் போட்டு மூடி வைக்கிறோமே, அதற்குப் பச்சை இலைதான் வேண்டும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு பீட்சா செய்ய ஆரிகனோ, பிரியாணிக்கு இலை. இரண்டும் விலை அதிகம். மாற்று உண்டா?
(மார்த்தாண்டம் வாசகி)

பதில்: ஆரிகனோவுக்குக் கற்பூரவள்ளி. மலையாளத்தில் பனிக்கூர்க்க என்பார்களே, அதேதான். இரண்டிலும் மணம் தருகிற கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள் ஒன்றே. இலை தடிப்பானது, ஆகவே பொடியாக நறுக்கிக் காயவைத்து, காரம் தூக்கலாக இருப்பதால் குறைவாகத் தூவுங்கள்.

பிரியாணி இலைக்கு நம்மிடம் தெரளி இலை இருக்கிறது. இரண்டும் இலவங்கப்பட்டை மரக் குடும்பம்தான். திருக்கார்த்திகைக்குக் கொழுக்கட்டை அவிக்க வாங்கும்போது ஒரு கொத்து கூடுதலாக வாங்குங்கள். அது மழை மாதம், முற்றத்தில் காயாது. அடுக்களையில் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால், ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு இலை போதும்.