சுத்தமான காற்றும் ஆறு கோடி டாலரும்

கேள்வி: அணுமின்சாரம் புகை கக்காத மின்சாரம். நல்ல சரக்கு வைத்திருப்பவர்கள் அரசியல்வாதிகளிடம் போய் எடுத்துச் சொன்னால் என்ன தப்பு? அதைப் போய் 'லாபி' என்று பூச்சாண்டி காட்டுகிறீர்களே?

பதில்: எடுத்துச் சொல்வதில் தப்பே இல்லை. எடுத்துக் கொடுப்பதில்தான் வில்லங்கம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி என்று இரண்டு அணுமின் நிலையங்கள். அப்போது ஃபர்ஸ்ட்எனர்ஜி குழுமத்தினுடையவை. நஷ்டம், அரசு கைகொடுக்காவிட்டால் இழுத்து மூடிவிடுவோம் என்றார்கள். 2019-ல் 'ஹவுஸ் பில் 6' என்றொரு சட்டம் வந்தது. மாநிலத்தில் மின்சாரம் உபயோகிக்கும் எல்லார் பில்லிலும் கொஞ்சம் கூட்டிப் போட்டு, 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்துத் தரும் ஏற்பாடு. திட்டத்துக்கு 'சுத்தமான காற்று' என்று பெயர். புகை கக்காத மின்சாரம் என்கிறீர்களே, அதே சட்டத்தில் இரண்டு பழைய நிலக்கரி மின் நிலையங்களுக்கும் மானியம் இருந்தது! அதில் ஒன்று பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

அப்புறம்தான் குட்டு உடைந்தது. சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டர் ஆட்டிவைத்த ஓர் அமைப்புக்கு நிறுவனத் தரப்பிலிருந்து சுமார் 6 கோடி டாலர் போயிருந்தது. வெளியே மாட்டிய பலகை, 'லாப நோக்கமற்ற அமைப்பு'. அந்தக் காசில் தன் ஆட்களை ஜெயிக்கவைத்துதான் அவர் சபாநாயகர் நாற்காலியையே பிடித்தார். மிச்சத்தில் கிரெடிட் கார்டு கடனை அடைத்தார், புளோரிடா வீட்டை ரிப்பேர் பார்த்தார். சட்டத்தை ரத்து செய்ய வாக்கெடுப்பு கேட்டுச் சிலர் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். உடனே டி.வி.யில் விளம்பரம்: சீனா நம் மின்சாரத்தில் கை வைக்கிறது, கையெழுத்துப் போடாதீர்கள்! 2023-ல் சபாநாயகருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். நிறுவனம் 23 கோடி டாலர் அபராதம் கட்ட ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது.

ஜப்பானில் இன்னும் நாசூக்கு. கன்சாய் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மேலதிகாரிகளுக்கு, அதன் அணுமின் நிலையம் இருக்கும் தகஹாமா ஊரின் முன்னாள் துணை மேயர் வருடக்கணக்காகப் பரிசு கொடுத்து வந்தது 2019-ல் அம்பலமானது. மேலே இனிப்பு, அடியில் தங்கக் காசு. ஒரு துணை மேயருக்கு ஏது இவ்வளவு பணம்? நிலைய வேலைகளை எடுத்துச் செய்த கட்டுமான நிறுவனம் கொடுத்தது. அந்த நிறுவனத்துக்குக் காண்ட்ராக்ட் கொடுத்தது யார்? கன்சாய் எலக்ட்ரிக் தரப்புதான். ஜனங்கள் கட்டிய கரண்ட் பில் ஊரைச் சுற்றிவிட்டுத் தங்கமாகத் திரும்பியிருக்கிறது.

உலையிலிருந்து புகை வராது, சரி. நான் கேட்பது வேறு. நல்ல சரக்குக்கு எதற்கு இனிப்புப் பெட்டி?

ஒஹாயோ கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். விவகாரம் வெடித்ததும், 2021-ல் அணுமின் நிலையங்களுக்கான அந்த மானியத்தை ரத்து செய்துவிட்டார்கள். அது இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான் என்றார்களே, அந்த இரண்டு நிலையங்களும் கைமாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.