கேள்வி – பதில்: பியானோக் கலைஞர் ஆவது எப்படி, ஆனபின் என்ன?

கேள்வி: தினமும் எட்டு மணி நேரம் சாதகம் செய்தால்தான் மேடை ஏற முடியும் என்கிறார்களே, உண்மையா?

எட்டு மணி நேரம் உடம்பு உட்காரும், கவனம் உட்காராது. மேடைக் கலைஞர்களில் பலர் நாலைந்து மணி நேரத்தோடு எழுந்துவிடுவார்கள். அதிலும் முக்கால் மணிக்கு ஒருமுறை இடைவெளி உண்டு. மாணவர்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசிப்பது இசையமைப்பாளர் ஷோபானுக்குப் பிடிக்காது. பலரும் செய்யும் தவறு, பிசகியதும் முதல் பாருக்கே (பார் என்பது இசைத்தாளில் கோடிட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டம்) திரும்பி ஓடுவது. அப்படிச் செய்தால் முதல் பக்கம் மெருகேறிக்கொண்டே போகும், கடைசிப் பக்கம் பச்சையாகவே இருக்கும். பிசகிய இடத்துக்கு ஒரு பார் முன்னால் தொடங்கி ஒரு பார் தாண்டி நிறுத்துங்கள். தாள வேகத்தைத் தட்டிக்காட்டும் கருவியான மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வையுங்கள். தொடர்ந்து மூன்று முறை சுத்தமாக வந்தால் நாலு எண் ஏற்றலாம். தவறினால் எட்டு எண் இறக்க வேண்டும்.

கேள்வி: நாற்பது நிமிட இசையைத் தாள் பார்க்காமல் வாசிக்கிறார்களே, நடுவில் மறந்துபோனால் என்ன செய்வார்கள்?

மறப்பது உண்டு, பெரியவர்களுக்கும்தான். மேடையில் மனப்பாடமாக வாசிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் லிஸ்ட், கிளாரா ஷூமான் போன்ற பியானோக் கலைஞர்களால் பரவியது. அதற்கு முன் அப்படி வாசிப்பது அகம்பாவமாகக்கூடப் பார்க்கப்பட்டது.

விரல் பழக்கத்தை மட்டும் நம்பியவர்தான் மாட்டிக்கொள்வார். விரல்களுக்கு வரிசை தெரியும், இடம் தெரியாது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே போக வழியில்லை. அதனால் ஒரு படைப்பில் பதினைந்து, இருபது இடங்களைக் குறித்துக்கொண்டு, எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்கும்படி பழகுவார்கள். இடது கையை மட்டும் தனியாக மனப்பாடம் செய்வதும் அவசியம். வலது கையில் மெட்டு ஓடுவதால் அது தானாக நினைவில் நிற்கும். கைவிடுவது பெரும்பாலும் இடதுதான்.

பெரிய பொறி சொனாட்டா என்ற இசை வடிவத்தில் இருக்கிறது. சி மேஜர் என்ற ஸ்வர வரிசையில் தொடங்கும் பகுதி முதல்முறை ஜி மேஜருக்கு மாறும். அதே பகுதி பின்னால் மீண்டும் வரும்போது சி மேஜரிலேயே தங்க வேண்டும். இரண்டு வழியும் பிரிவது பெரும்பாலும் ஓரிரு பாரில்தான். அங்கே கை பழைய வழியில் போய்விட்டால், வாசித்ததையே மறுபடி வாசித்துச் சுற்ற வேண்டியதுதான். அந்த பாரைப் பென்சிலால் வட்டமிட்டு, இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். பிறகு பியானோவை மூடிவைத்து, மனதுக்குள் ஒவ்வொரு ஸ்வரமாக ஓட்டிப் பாருங்கள். எங்கே மங்குகிறதோ, மேடையில் அங்கேதான் விழும்.

பியானோக் கலைஞர் மரியா ஜோவாவ் பிரெஸுக்கு ஆம்ஸ்டர்டாமில் நடந்தது பிரபலம். ரிக்கார்டோ ஷையி நடத்திய ஆர்கெஸ்ட்ரா மொசார்ட்டின் டி மைனர் கான்செர்ட்டோவை (தனிக் கலைஞரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தொடங்கியது; பிரெஸ் எதிர்பார்த்து வந்ததோ வேறொன்று. ஆர்கெஸ்ட்ராவின் முன்னுரை முடிவதற்குள் மனதைத் திரட்டிக்கொண்டு வாசித்து முடித்தார். இது மந்திரமில்லை, முன்பே ஆழமாகக் கற்றிருந்த படைப்பு அது. இன்னொரு பெரிய பியானோக் கலைஞர் ரிக்டர் கடைசி ஆண்டுகளில் தாளைப் பார்த்தே வாசித்தார். யாரும் அவரைக் குறைத்து மதிப்பிடவில்லை.

கேள்வி: கலைஞர்கள் சொந்தப் பியானோவைக் கொண்டுபோவார்களா?

ஹொரோவிட்ஸ் கொண்டுபோனார், ஜிமர்மன்னும். மற்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது, மேடைப் பியானோ ஒன்பது அடி நீளம், அரை டன் எடை. அரங்கில் இருப்பதை ஓரிரு மணி நேரத்தில் பழக்கிக்கொள்ள வேண்டும். முதலில் ஆசனத்தின் உயரம்: முழங்கை கீக்களின் (விரலால் அழுத்தும் கட்டைகளின்) மட்டத்தில் அல்லது சற்று மேலே. (குளென் கூல்ட் தரையிலிருந்து 14 அங்குல நாற்காலியில் உட்கார்ந்தார், அதைப் பின்பற்ற வேண்டாம்.) அடுத்து, ஒலியை நீட்டிக்கும் வலது பெடல் எந்த ஆழத்தில் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு மெல்லிய வாசிப்பு; எந்த கீ ஒலிக்காமல் நழுவுகிறது என்பது அதில்தான் தெரியும். ஒரு ஸ்வரம் மட்டும் கூர்மையாகத் துருத்தினால் ட்யூனரிடம் சொல்லுங்கள். தந்தியை அடிக்கும் சுத்தியலின் ஃபெல்ட்டை (கம்பளி உறையை) ஊசியால் குத்தி மிருதுவாக்குவார். காலி அரங்கில் எதிரொலி கூடுதல், ஆட்கள் நிறைந்ததும் குறையும். ஒத்திகையில் அளந்த அதே அளவில் இரவிலும் பெடலைப் பயன்படுத்தினால் ஒலி வறண்டுபோகும்.

கேள்வி: கை வலித்தாலும் தொடரலாமா?

கூடாது. களைப்பு வேறு, வலி வேறு. மரத்துப்போவது, விரல் தானாகச் சுருள்வது இரண்டும் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். பியானோக் கலைஞர் லியான் ஃபிளைஷருக்கு 1960களின் நடுவில் வலது கையில் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கின; அது டிஸ்டோனியா (தசைகள் தானாக இறுகும் நரம்புக் கோளாறு) என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. முப்பது ஆண்டுபோல இடது கைக்கான இசையை வாசித்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார், 1990களில் சிகிச்சைக்குப் பின் இரு கையாலும் மேடைக்குத் திரும்பினார். அந்த இடது கை இசையில் முக்கியமானது இசையமைப்பாளர் ராவலின் கான்செர்ட்டோ, முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோக் கலைஞர் பால் விட்கென்ஷ்டைனுக்காக எழுதப்பட்டது. சின்னக் கைக்காரர்களுக்கு இன்னொன்று: ஆக்டேவின் (ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த அதே ஸ்வரம் வரையான தூரம்) அகலம் ஏறக்குறைய பதினாறரை சென்டிமீட்டர். எட்டாத கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) இழுத்துப் பிடிக்காமல், கீழிருந்து மேலாகப் பிரித்து வாசிக்கலாம்.

கேள்வி: போட்டியில் பரிசு வாங்காவிட்டால் வாழ்க்கையே இல்லையா?

வார்சாவின் ஷோபான் போட்டியில் 1980இல் போகொரெலிச் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. அதை எதிர்த்து மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்து விலகினார். போகொரெலிச்சின் புகழ் அதிலேதான் ஏறியது. அந்த ஆண்டு வென்றவர் வியட்நாமின் டாங் தாய் சன். பரிசைவிடத் தயார்நிலை முக்கியம்: 70, 80 நிமிடத் தனிக் கச்சேரித் திட்டம் இரண்டு, நாலைந்து கான்செர்ட்டோ. யாரோ ஒருவர் உடம்பு சரியில்லாமல் விலகும்போது கூப்பிடுவது அப்படிப்பட்டவரைத்தான். வருமானமோ பெரும்பாலோருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதிலும் பாடகர், வயலினிஸ்டுக்குப் பக்கவாத்தியமாக வாசிப்பதிலும்தான் வருகிறது.

கேள்வி: தாள் திருப்புபவருக்கு என்ன வேலை?

கலைஞரின் இடப்பக்கம் உட்கார்ந்து, கடைசி இரண்டு வரி இருக்கும்போது எழுந்து, இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடித்துத் தலையசைப்புக்குக் காத்திருக்க வேண்டும். கீழ் மூலையைப் பிடித்தால் கை கண்ணை மறைக்கும். இப்போது டேப்லெட்டும் கால் சுவிட்சும் வந்துவிட்டன; சுவிட்சை மிதிப்பது இடது கால்தான். ஒலியை மென்மையாக்கும் இடது பெடல் அதிகம் தேவைப்படும் இசைக்கு ஆளை வைத்துக்கொள்வதே மேல்.